கொப்பி ஓரத்தில் எழுதியவை: பல்கலைக்கழக எழுத்தறிவும் எமது பிள்ளைகளும்

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலரில் அதிபர்களைப் பற்றியும் ஆசிரியைகளைப் பற்றியும் இல்ல விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியும் எழுதப் பலர் முன்வந்துள்ளார்கள். அவை எழுதப்பட வேண்டியவையே. ஆயினும், பாடசாலைப் படலையைத் தாண்டிய பின் எமது மாணவிகளுக்கு நேர்ந்த ஒன்றைப் பற்றி நாம் இதுவரை எழுதியதில்லை. இத்தனை பேர் பல்கலைக்கழகம் புகுந்தனர் என்று ஆண்டறிக்கையில் ஒரு வரி வரும். புகுந்த பின் அங்கே எப்படி வாசித்தார்கள், எப்படி எழுதினார்கள், என்ன பாடுபட்டார்கள் என்பதற்கு வரி இல்லை. அந்த வரியைத்தான் இங்கே எழுத முயல்கிறோம்.

இக்கட்டுரைக்காகக் கூடிப் பேசிய நாம் வெவ்வேறு வயதினர். சிலர் இரவு மெயில் ரயிலில் கொழும்புக்குப் போனவர்கள். சிலர் ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று பஸ் மாறிக் கண்டிக்குப் போனவர்கள். இன்னும் சிலர் யாழ்ப்பாணத்துக்கோ வந்தாறுமூலைக்கோ போனவர்கள். பயணங்கள் வேறாயினும் முதல் வாரத்துக் கதை எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தது. உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு. வீட்டில் பொங்கல் வைத்து அனுப்பியிருப்பார்கள். விரிவுரை மண்டபத்தின் கடைசி வாங்கில் போய் இருந்தால், விரிவுரையாளர் பேசுவது காதில் விழும், கொப்பியில் ஏறாது. பக்கத்தில் இருப்பவள் எழுதுவதைப் பார்த்து எழுதுவோம். அவளும் இன்னொருத்தியைப் பார்த்துத்தான் எழுதினாள் என்பது பல வருடங்களின் பின்னர் தெரியவந்தது.

விடுதியில் ஓர் அக்கா தன் பழைய நோட்ஸ் கொப்பியைக் கையில் தந்து, “பயப்பிடாத தங்கச்சி, எங்களுக்கும் முதல் வருசம் ஒண்டும் விளங்கேல்ல” என்று சொன்னதால் படிப்பை விடாமல் நின்றவர்கள் எம்மில் உள்ளனர். அப்படி ஓர் அக்கா வாய்க்காமல், பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பியவர்களும் உள்ளனர். திரும்பி வந்தவர்கள், தமக்கு மூளை போதாது என்று நம்பியே வாழ்ந்தார்கள். ஊரும் அப்படித்தான் நம்பியது. அந்த நம்பிக்கை தவறு என்பதைப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஆராய்ந்து நிறுவியிருக்கிறார்கள். அவ்வாராய்ச்சியில் முக்கியமான ஒரு பகுதி எமது மண்ணிலேயே, எம்மைப் போன்ற மாணவரிடையே நடந்தது. அதை எமது பழைய மாணவிகள் அறிந்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் அருகில் வந்தது, மொழி தூரத்தில் நின்றது

உயர்கல்வியில் எழுத்தறிவு என்பது திருகோணமலைக்குப் புதிய விடயமன்று. இவ்வூரிற் பிறந்த தி. த. கனகசுந்தரம்பிள்ளை சென்னைக்குச் சென்று பட்டம் பெற்று, பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர். அவருடைய தம்பி சரவணமுத்துப்பிள்ளை 1895இல் ‘மோகனாங்கி’ என்ற நாவலை வெளியிட்டார். தமிழில் எழுந்த முதல் வரலாற்று நாவல்களுள் அது ஒன்று. ஆங்கிலத்தில் உயர்கல்வி பெற்று, தமிழில் புதிய வகை எழுத்தைப் படைத்த சகோதரர்கள் அவர்கள். அக்காலத்தில் அப்படிப் போக முடிந்தவர்கள் மிகச் சிலரே. பெண்கள் அந்தக் கணக்கில் இல்லை.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அங்கே கற்பித்தல் ஆங்கிலத்தில் நடந்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பாடசாலைக் கல்வி படிப்படியாகத் தாய்மொழிக்கு மாறியது. 1960களில் கலைப் பாடங்களைப் பல்கலைக்கழகத்திலும் தமிழிலும் சிங்களத்திலும் படிக்க வழி பிறந்தது. கட்டணமும் மொழியும் தடுத்து வைத்திருந்த வீடுகளிலிருந்து பெண் பிள்ளைகள் உயர்கல்விக்குப் போனது இந்த மாற்றங்களாலேயே. 1974இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது, பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். 1981இல் மட்டக்களப்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1993இல் திருகோணமலையில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 2001இல் அது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமாயிற்று. இன்று நிலாவெளி வீதியால் போகும் பஸ்ஸில் ஏறினால் கோணேசபுரியில் இறங்கி விரிவுரைக்குப் போகலாம்.

தூரம் இவ்வாறு குறைந்தது. மொழியின் தூரம் குறையவில்லை. விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் ஆகியவற்றின் விரிவுரைகள் ஆங்கிலத்திலேயே இருந்தன. பதின்மூன்று வருடம் தமிழில் படித்த பிள்ளை ஒரு திங்கட்கிழமை காலையில் ஆங்கிலத்தில் சிந்திக்க வேண்டியிருந்தது. கலைப் பீடத்தில் விரிவுரை தமிழில் இருந்தாலும், நூலகத்தில் அடுக்கியிருந்த நூல்களிற் பெரும்பாலானவை ஆங்கிலம். அதனால் ஆங்கிலம் எல்லாருக்கும் ஒரு பாடமாகக் கற்பிக்கப்பட்டது. ஆனால் அந்தப் பாடத்தின் நோக்கம் என்ன, யாருடைய ஆங்கிலம், அது எம் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்டவர்கள் அதிகம் இல்லை.

யாழ்ப்பாணத்து வகுப்பறை ஒன்று

கேட்டவர்களுள் ஒருவர் பேராசிரியர் சுரேஷ் கனகராஜா. 1984 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். அந்தப் பத்து வருடமும் எப்படிப்பட்டவை என்பதை எமது வாசகிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் இல்லை, தாள் தட்டுப்பாடு, தபால் எப்போது போகும் என்று தெரியாது. அந்த நிலையில் அவர் தமது வகுப்பையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்.

அவ்வகுப்பில் முதலாம் வருடக் கலைப்பீட மாணவர் 22 பேர். பாடநூல் அமெரிக்காவில் தயாரானது. அதில் வருபவர்கள் பெரிய நகரங்களில் வாழ்கிறார்கள். விமான நிலையத்திலும் பெரிய கடைகளிலும் நின்று பேசிக்கொள்கிறார்கள். வெளியே குண்டுச் சத்தம். உள்ளே அந்த உரையாடல்கள். மாணவர்களிடம் கேட்டால் ஆங்கிலம் மிகவும் தேவை என்றே சொன்னார்கள். ஆனால் நாள் செல்லச் செல்ல வகுப்புக்கு வருவோர் குறைந்தனர். பரீட்சைக்கான இலக்கணக் குறிப்புகளைத் தந்தால் போதும் என்றனர்.

இதைக் கண்ட வேறொருவர், பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று எழுதி முடித்திருப்பார். கனகராஜா மாணவர்களின் பாடநூல்களை வாங்கிப் பார்த்தார். அவற்றின் ஓரங்களில் வேறொரு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தமிழ்ச் சொற்கள், கீறிய படங்கள், சினிமாப் பாட்டுகளின் சாயல், நாட்டு நிலைமை பற்றிய குறிப்புகள். பாடநூல் தம் வாழ்க்கைக்கு இடம் தராததால், மாணவர்கள் ஓரத்து வெள்ளையில் தமக்கு இடம் பிடித்திருந்தார்கள். அவர் இதைப் பெரிய புரட்சி என்று புகழவில்லை. ஓரத்தில் எதிர்ப்பு, பரீட்சைக்கு இணக்கம். இரண்டும் ஒரே மாணவரிடம் இருந்தன என்று நேர்மையாகவே எழுதினார். அக்கட்டுரை 1993இல் ‘டெசோல் குவாட்டர்லி’ என்ற ஆய்விதழில் வெளிவந்தது. 1999இல் அவருடைய நூல் ஒன்று ஆக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வெளியீடாக வந்தது. ஆங்கிலத்தை ஒதுக்கவும் வேண்டாம், அப்படியே விழுங்கவும் வேண்டாம். எமது தேவைக்கு ஏற்ப அதை எமதாக்கிக்கொள்ளலாம், எமது மாணவர் ஏற்கெனவே அதைத்தான் செய்கிறார்கள் என்பது அந்நூலின் சாரம்.

எமது கொப்பிகளை நாம் நினைத்துப் பார்க்கிறோம். ஆங்கிலச் சொல்லின் மேல் பென்சிலால் தமிழ் எழுதி, விரிவுரையாளர் அருகில் வந்ததும் கையால் மறைத்தோம். அது படிப்பில் குறைந்தவர் செய்யும் வேலை என்று வெட்கப்பட்டோம். அந்தப் பென்சில் எழுத்துத்தான் எம்மைப் படிக்க வைத்தது என்று அன்று சொல்ல ஒருவரும் இல்லை.

நியூயோர்க்கில் ஒரு பெண் ஆசிரியை

இதே கேள்வி வேறு நாட்டில் இதற்கு முன்னரே எழுந்தது. 1970இல் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம், உயர்நிலைப் பள்ளி முடித்த நகரத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் வாயிலைத் திறந்தது. கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோப் பிள்ளைகளும், ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் முதன்முறையாகப் பெருந்தொகையாக உள்ளே வந்தனர். அவர்கள் எழுதிய கட்டுரைகளைப் பார்த்த பேராசிரியர் பலர், இவர்களுக்குக் கற்பிக்கவே முடியாது என்று கைவிரித்தனர். மினா ஷோனசி என்ற ஆசிரியை கைவிரிக்கவில்லை. ஏறத்தாழ 4,000 மாணவர் கட்டுரைகளை எடுத்து, பிழைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். பிழைகள் கண்டபடி விழவில்லை, அவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு, பிள்ளை தனக்குத் தெரிந்த விதியை வைத்துத் தெரியாத இடத்தைக் கடக்க முயல்கிறது என்று காட்டினார். 1977இல் அவர் நூல் வந்தது. அடுத்த வருடம் அவர் காலமானார். பல்கலைக்கழகத்தில் எழுத்து கற்பிப்பது மதிப்புக்குரிய ஆராய்ச்சித் துறையாக வளர்ந்ததில் அந்த ஒரு நூலுக்குப் பெரும் பங்குண்டு.

அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் அவர் பெயரால் ஒரு பரிசை ஏற்படுத்தியது. யாழ்ப்பாணத்து வகுப்பறையிலிருந்து பிறந்த கனகராஜாவின் 1999ஆம் ஆண்டு நூலுக்குக் கிடைத்தது அந்தப் பரிசுதான். யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்ற பின் அவர் கற்பித்த இடமும் அதே நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகத்தின் பாருக் கல்லூரி. பின்னர் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ‘டெசோல் குவாட்டர்லி’யின் ஆசிரியராகவும், அமெரிக்கப் பிரயோக மொழியியல் சங்கத்தின் தலைவராகவும் பணியாற்றினார். ஒரு காலத்தில் எந்த இதழுக்குக் கட்டுரை அனுப்பத் தபாற்கந்தோர் வாசலில் காத்திருக்க வேண்டியிருந்ததோ, அந்த இதழுக்கே ஆசிரியரானார்.

அந்தக் காத்திருப்பைப் பற்றியும் அவர் எழுதினார். 2002இல் வெளிவந்த நூலில், உலக ஆய்விதழ்களின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறார். இத்தனை பிரதி வேண்டும், இன்ன தாளில் வேண்டும், அண்மைய ஆய்வுகளை மேற்கோள் காட்ட வேண்டும் என்பார்கள். மேற்கிலுள்ளவருக்கு இவை சிறிய ஒழுங்குகள். மண்ணெண்ணெய் விளக்கில் எழுதுபவருக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு மதில். ஆகவே ஒருவருடைய எழுத்து அச்சேறாமற் போனால், அவரிடம் அறிவு இல்லை என்று முடிவுகட்டுவது நியாயமன்று. இதை வாசித்தபோது எம்மில் ஒருவர், “எங்கட கதையை வேற ஆக்களின்ர பேரில எழுதியிருக்கினம்” என்றார்.

ஒரே அறிஞர், மூன்று கட்டுரைகள்

எமது ஆசிரியைகள் விரும்பி வாசிக்கக்கூடிய இன்னொரு ஆராய்ச்சியையும் குறிப்பிட வேண்டும். பேராசிரியர் கா. சிவத்தம்பியை அறியாத தமிழ் மாணவர் இல்லை. யாழ்ப்பாணச் சமூகம் பற்றி அவர் எழுதிய மூன்று கட்டுரைகளைக் கனகராஜா அருகருகே வைத்துப் பார்த்தார். ஒன்று தமிழில், உள்ளூர் வாசகருக்கு. ஒன்று ஆங்கிலத்தில், உள்நாட்டு வாசகருக்கு. மற்றது ஆங்கிலத்தில், வெளிநாட்டு ஆய்வாளருக்கு. விடயம் ஏறக்குறைய ஒன்று, எழுத்து வேறு. யாரோடு பேசுகிறோம் என்பதற்கேற்பத் தொடக்கத்தையும் தொனியையும் வாதத்தை வைக்கும் முறையையும் அவர் மாற்றியிருந்தார். இந்த ஆய்வு 2006இல் வெளிவந்தது.

இதிலிருந்து பெறப்படும் பாடம் பெரியது. தமிழில் சிந்திப்பவர் ஆங்கிலத்தில் எழுதும்போது அவருடைய தாய்மொழி இடைஞ்சல் செய்கிறது என்றுதான் பல்கலைக்கழகங்களில் வெகுகாலம் நம்பினார்கள். சிவத்தம்பி போன்ற ஒருவரின் எழுத்தைப் பார்த்தால், இரண்டு மொழி தெரிந்தவர் இரண்டுக்கும் இடையே போய் வருபவர். அந்தப் போக்குவரத்தே அவருடைய பலம் என்பது தெரிகிறது. இங்கிலாந்திலும் மேரி லீ, பிரையன் ஸ்ட்ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் ஒரு முக்கியமான கட்டுரை எழுதினர். மாணவர் எழுத்தைப் பல்கலைக்கழகங்கள் மூன்று விதமாகப் பார்க்கின்றன என்றனர். ஒன்று, எழுத்து ஒரு கைவேலை. இலக்கணப் பிழையைத் திருத்தினால் போதும். இரண்டு, எழுத்து ஒரு குலவழக்கம். அவர்களோடு இருந்து பழகினால் வந்துவிடும். மூன்று, எழுத்தில் யாருக்கு அதிகாரம், யாருடைய குரல் செல்லும் என்ற கேள்வியும் அடங்கியிருக்கிறது. ஒரு துறைப் பேராசிரியர் நல்லது என்பதை மற்றத் துறைப் பேராசிரியர் வெட்டிவிடுவது ஏன் என்று மாணவருக்கு விளங்குவதில்லை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை என்று அவர்கள் கண்டார்கள். முதல் வருட ஒப்படையைச் சிவப்பு மையோடு திரும்ப வாங்கிய எவருக்கும் இது புதுச் செய்தியன்று.

தமிழுக்கும் கற்பித்தல் வேண்டும்

ஆங்கிலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பாதிக் கதையாகிவிடும். தமிழில் கட்டுரை எழுதவும் எம் பிள்ளைகள் இடர்ப்படுகிறார்கள். நாம் பேசும் தமிழுக்கும் எழுதும் தமிழுக்கும் இடையே உள்ள தூரம் சிறியதன்று. பாடசாலையில் கற்ற இலக்கணமோ பெரும்பாலும் நன்னூலின் வழியில் வந்தது. இன்று பத்திரிகையிலும் பாடநூலிலும் நாம் எழுதும் வாக்கியத்துக்கு அது முழுமையாகப் பொருந்துவதில்லை.

இந்தக் குறையை உணர்ந்து வேலை செய்தவர் கிழக்கு மாகாணத்துக் கல்முனைக்குடியைச் சேர்ந்த பேராசிரியர் எம். ஏ. நுஃமான். கவிஞராக அவரைப் பலர் அறிவர். யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் கற்பித்த மொழியியலாளர் அவர். 1999இல் வெளிவந்த அவருடைய ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’, இன்றைய எழுத்துத் தமிழையே எடுத்துக்காட்டாக வைத்து இலக்கணம் சொல்கிறது. ஆசிரியர் பயிற்சிக்குப் போன எம்மவர் பலரின் மேசையில் அந்நூல் இருந்தது. மரபு இலக்கணத்தை இகழாமல், இன்றைய மாணவருக்குப் பயன்படும் விளக்கம் தருவது எப்படி என்பதற்கு அது நல்ல முன்மாதிரி.

வெளிநாடுகளில் வாழும் எமது சகோதரிகளுக்கும் இவ்வாராய்ச்சிகளில் ஒரு பகுதி உண்டு. ரொறன்ரோ, லண்டன், கலிபோர்னியா ஆகிய இடங்களிலுள்ள ஈழத்தமிழ்க் குடும்பங்களில் தமிழ் எப்படி நிலைக்கிறது, எப்படிக் குறைகிறது என்றும் கனகராஜா ஆராய்ந்தார். வீட்டில் பேசினால் மொழி தானாக வாழும் என்ற எண்ணத்தை அவர் முடிவுகள் ஆதரிக்கவில்லை. வேலை, பள்ளிக்கூடம், ஆங்கிலத்தின் மீது எமக்குப் பழைய காலந்தொட்டு உள்ள மதிப்பு எல்லாம் வீட்டுக்குள்ளும் வந்துவிடுகின்றன. அதேவேளை, தமிழில் சரளமாகப் பேச முடியாத இளையோரும் சில சொற்களை வைத்தே தம்மைத் தமிழர் என்று காட்டிக்கொள்கிறார்கள் என்றும் அவர் எழுதினார். பேரப்பிள்ளையின் அரைகுறைத் தமிழைக் கேட்டுச் சிரிப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்வோம். நாமும் ஒரு காலத்தில் அரைகுறை ஆங்கிலத்தோடு கடைசி வாங்கில் இருந்தவர்கள்தாம்.

நாம் செய்யக்கூடியது

நூற்றாண்டு விழாவுக்குச் சிலை வைக்கலாம், மண்டபம் கட்டலாம். அவற்றோடு செலவு குறைந்த ஒரு காரியத்தையும் சங்கத்தின் முன் வைக்க விரும்புகிறோம். எமது பாடசாலையிலிருந்து ஒவ்வொரு வருடமும் பல்கலைக்கழகம் போகும் பிள்ளை ஒவ்வொருத்திக்கும், அதே துறையில் முன்பு படித்த பழைய மாணவி ஒருவரைத் துணையாக அமைக்க வேண்டும். தன் முதல் வருடக் கொப்பியை, சிவப்பு மை விழுந்த ஒப்படையை ஒளிக்காமல் அந்தப் பிள்ளைக்குக் காட்ட அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். பெற்ற சித்தியை மட்டும் காட்டினால் பிள்ளை இன்னும் பயப்படும். பட்ட பாட்டைக் காட்டினால் தைரியம் கொள்ளும்.

போகிற பிள்ளைக்கு நாம் சொல்லக்கூடியவை சிலவே. விளங்காததை அன்றே யாரிடமாவது கேள். ஆங்கில நூலின் ஓரத்தில் தமிழில் எழுது. நூலகப் புத்தகமாயின் உன் கொப்பியில் எழுது. கட்டுரையை முதலில் தமிழில் யோசித்து எழுதிப் பார்ப்பதில் வெட்கம் இல்லை. விரிவுரையாளர் உன் எழுத்தில் என்ன எதிர்பார்க்கிறார் என்று அவரிடமே போய்க் கேள். அதைக் கேட்பது உன் உரிமை. தனியே இருந்து அழாதே, இரண்டு பேராக இருந்து வாசி.

பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்த தோழிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பெயர் ஆண்டறிக்கையின் பட்டதாரிகள் பட்டியலில் இல்லை. இந்த மலர் உங்கள் கைக்கும் வரும். அன்று உங்களுக்கு விளங்காமற் போனது உங்கள் மூளையின் குறையால் அன்று. விளங்க வைக்கும் பொறுப்பு யாருடையது என்று அன்று எவரும் கேட்கவில்லை. பின்னர் கேட்டவர்கள் உங்கள் பக்கமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். விழா நாளில் உங்களுக்கும் முன் வரிசையில் கதிரை போட்டிருக்கிறோம். கட்டாயம் வாருங்கள்.